எடை சரி, இடுப்பு எவ்வளவு?

நம் பள்ளிகளில் நடக்கும் செகாக் உடற்தகுதிச் சோதனை மாணவர்கள் அனைவரும் அறிந்ததே. படி ஏறி இறங்குவது, தண்டால், உட்கார்ந்து கால்விரலைத் தொடுவது என எல்லாம் முடிந்ததும் உயரத்தையும் எடையையும் வைத்து பிஎம்ஐ கணக்கிடுவார்கள். எண் 'சாதாரணம்' என்று வந்துவிட்டால் மாணவரும் மறந்துவிடுகிறார், பெற்றோரும் மறந்துவிடுகிறார்கள். இந்திய மாணவர்களுக்கு இந்த ஓர் எண் போதாது என்பது என் கருத்து.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் பூனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2 விழுக்காடு. யட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் தெற்காசியர்களிடம் இந்த 'ஒல்லியான பருமன்' பரவலாக உண்டு என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் விஷயம். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு ஒரு கிடங்கு மாதிரி. அங்கே இருக்கும்வரை தொல்லை குறைவு. நம்மவர்களுக்கு இந்தக் கிடங்கு சிறியது என்று கருதப்படுகிறது. அது நிரம்பியதும் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. குடற்பகுதி இரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அந்த வழியில் வருவதே. அதனால் வயிற்றுக் கொழுப்பு கரைந்து வரும் கொழுப்பமிலம் முதலில் இறங்கும் இடம் கல்லீரல். ஆனால் எல்லாப் பழியையும் தொப்பையின் மேல் போட முடியாது. கல்லீரலுக்கு வரும் கொழுப்பமிலத்தில் பெரும்பகுதி உடலின் மற்ற கொழுப்பிலிருந்து வருகிறது. தொப்பை ஓரளவு காரணம்; அதைவிட, கிடங்கு நிரம்பிவிட்டது என்று காட்டும் அடையாளம்.

சீனிக்கும் இதில் பங்குண்டு. 2005இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வொன்றில், நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் 26 விழுக்காட்டைக் கல்லீரலே தயாரித்திருந்தது. பெரும்பாலும் சீனியும் மாவுச்சத்தும்தான் அதற்கு மூலப்பொருள். உணவிலிருந்த கொழுப்பு நேரடியாகத் தந்ததோ 15 விழுக்காடுதான். எண்ணெய்ப் பலகாரத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு குவளை தே தாரிக் குடிப்பவர்கள் கவனிக்க. நம் அரசாங்கத்தின் சீனி வரி 2019இல் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கி, 2025இல் 90 சென்னாக உயர்ந்தது. ஆனால் அது போத்தல், டின் பானங்களுக்கு. கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அல்ல.

கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது நோய். வலிக்காது. இரத்தப் பரிசோதனையும் சிலருக்குச் சரியாகவே இருக்கும். சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, பல ஆண்டுகளுக்குப் பின் ஈரல் சுருக்கத்தில் முடிகிறது. 2023இல் அனைத்துலக மருத்துவச் சங்கங்கள் இந்நோயின் பெயரையே மாற்றின. 'மதுவால் வராதது' என்ற பழைய பெயர் போய், வளர்சிதை மாற்றக் கோளாற்றைக் குறிக்கும் பெயர் வந்தது. இடுப்புச் சுற்றளவும் அதன் அளவுகோல்களில் ஒன்று. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். நீரிழிவிலோ மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம்.

சிட்-அப் எடுத்தால் தொப்பை மட்டும் கரையாது. மொத்த எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும்.

ஆகவே செகாக்கில் ஓர் அளவுநாடாவையும் சேர்க்கலாம் என்கிறேன். ஆசியப் பெரியவர்களுக்கு எல்லை ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80. வளரும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கே எளிது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவிக்கு 80. ஆனால் வகுப்பின் நடுவே நிற்கவைத்து அளந்து, எண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். எப்படி அளப்பது என்று ஆசிரியர் காட்டிக்கொடுத்தால் போதும். மாணவர்கள் வீட்டிலேயே அளந்துகொள்வார்கள், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து.