விண்கல்லில் இரிடியம் இருக்கு, ஆனா எவ்வளவு? ராஜபாளையத்துக்குக் கிழக்கே விழுந்த கல் சொல்லும் கணக்கு

‘கோபுரக் கலசத்துல இடி விழுந்து இரிடியமா மாறிடுச்சு. நாசா வாங்குது. டெஸ்டிங் செலவுக்கு மட்டும் கொஞ்சம் பணம் போடுங்க, கோடிக்கணக்கில் திரும்பி வரும்.’

தென் மாவட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் குறைவு. கலசம் கிடைக்காத இடத்தில் கதை லேசாக மாறும்: ‘இது வானத்திலிருந்து விழுந்த கல், உள்ளே முழுக்க இரிடியம்.’ நிலத்தை விற்றும், ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டும் ஏமாந்தவர்கள் உண்டு. படித்தவர்களும் விழுவதற்குக் காரணம், கதையில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதுதான்.

கலசம் இரிடியம் ஆகுமா?

ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கலசம் என்பது பெரும்பாலும் செம்பு. செம்பின் அணுவில் 29 புரோட்டான்கள், இரிடியத்தின் அணுவில் 77. மின்னல் செம்பை உருக்கலாம், ஆனால் அணுக்கருவை மாற்றி இன்னொரு தனிமமாக ஆக்க அதனால் முடியாது.

அரிசியை இழுக்கும் ‘ரைஸ் புல்லிங்’ வித்தையும் இப்படித்தான். இரிடியம் காந்தமே இல்லை. இரும்புத்தூள் தடவிய அரிசியும் மறைத்து வைத்த காந்தமும் இருந்தால் எந்தச் சொம்பும் அரிசியை இழுக்கும்.

அப்போ அந்தக் கதிர்வீச்சு கோட்டு? இயற்கையில் கிடைக்கும் இரிடியம் கதிர்வீச்சு வெளியிடுவதில்லை. அணு உலையில் தயாரிக்கப்படும் இரிடியம்-192 மட்டும் வெளியிடும். புற்றுநோய் சிகிச்சையிலும், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் அது பயன்படுகிறது. மோசடிக்காரர்கள் அதைக் கடன் வாங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

விண்கல் விஷயத்தில் என்ன உண்மை?

இதில்தான் அந்த ஒரு துளி உண்மை இருக்கிறது. பூமியின் மேலோட்டோடு ஒப்பிட்டால், விண்கல்லில் இரிடியம் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். ஆனால் எத்தனை மடங்கு என்பது வேறு, எத்தனை கிராம் என்பது வேறு. அதைக் கணக்குப் போட நம்ம பக்கத்திலேயே ஒரு கல் விழுந்திருக்கிறது.

1857 பிப்ரவரி 28. அன்றைய மதுரை ஜில்லாவில் இரண்டு கற்கள் வானிலிருந்து விழுந்தன. உலக விண்கல் பட்டியலில் இதன் பெயர் ‘பார்னலி’. அதில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை மேப்பில் போட்டால் கமுதி அருகே உள்ள பெருநாழிப் பகுதி வருகிறது. ராஜபாளையத்திலிருந்து கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். மொத்த எடை 77.6 கிலோ. பெரும்பகுதி இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்ம ஊர்க் கல்லைப் பற்றி நம்மைவிட வெளிநாட்டு ஆய்வாளர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வகைக் கல்லில் ஒரு டன்னுக்கு அரை கிராமுக்கும் குறைவாகவே இரிடியம் இருக்கும். அப்படியானால் 77.6 கிலோவில்? சுமார் 30 மில்லிகிராம். கிராம் 15,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 450 ரூபாய். அதைப் பிரித்தெடுக்கும் செலவு தனி.

சந்தேகம் இருந்தால் பக்கத்து டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் ‘இரிடியம் ஸ்பார்க் பிளக்’ கேட்டுப் பாருங்கள். இது கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற உலோகம்தான். பிளாட்டினத்தின் துணைப்பொருளாக, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்படுகிறது. விற்க நாசாவும் வேண்டாம், நள்ளிரவு மீட்டிங்கும் வேண்டாம்.

பூமியில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

பூமி பிறந்த காலத்தில் உருகிக் கிடந்தது. கனமான இரும்பு மையத்துக்கு இறங்கியபோது, இரும்போடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ள இரிடியமும் சேர்ந்து இறங்கிவிட்டது. நம் காலடியில் மிச்சம் இருப்பது வெறும் தூசு அளவு.

பெருநாழிக் கல் வந்த சிறுகோள் அப்படி உருகவே இல்லை. விஞ்ஞானிகள் இதை ‘எல்.எல். 3.6’ என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த அளவுகோலில் 3-ஆம் வகை என்பது அதிகம் சூடாகாத கல், 6-ஆம் வகை என்பது நன்றாக வெந்த கல். 2008 செப்டம்பர் 12-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்ததும் இதே எல்.எல். குடும்பம்தான், ஆனால் அது 6. ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010-ல் இடோகாவா சிறுகோளிலிருந்து கொண்டுவந்த துகள்களும் இந்த வகையோடு பொருந்தின.

அதிகம் வேகாததால்தான் பெருநாழிக் கல்லுக்கு மவுசு. அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். ‘காண்ட்ரூல்’ என்று பெயர். கோள்கள் உருவாகும் முன்பே, சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகிய துளிகள் உறைந்து உருவானவை. பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையும் அவ்வளவு பழையது இல்லை.

இரிடியத்தின் உண்மையான மதிப்பு

1980-ல் லூயிஸ் ஆல்வரெஸ், வால்டர் ஆல்வரெஸ் குழு இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கை ஆராய்ந்தது. டைனோசர் காலம் முடியும் எல்லைக்கோடு அது. வழக்கத்தைவிட சுமார் 30 மடங்கு இரிடியம் இருந்தது. பெரிய விண்கல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டில் ஆர்.கணபதி என்ற வேதியியலாளர் டென்மார்க் களிமண்ணை ஆராய்ந்து, இரிடியத்தோடு மற்ற அரிய உலோகங்களும் விண்கல்லின் விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். பிறகு மேகாலயாவிலும் இதே அடுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய மோதலுக்கு சாட்சி சொன்னது, கண்ணுக்கே தெரியாத அளவு இரிடியம்.

நிஜமாகவே கறுப்புக் கல் கிடைத்தால்?

விண்கல்லுக்குச் சில அடையாளங்கள் உண்டு: வெளியே மெல்லிய கருகிய தோல், அளவுக்கு மீறிய கனம். கல் முழுக்கக் குமிழ் ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் அது உலைக் கசடு. கிடைத்த இடத்தையும் நேரத்தையும் போட்டோவோடு பதிவு செய்யுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம். காந்தத்தை ஒட்டிப் பார்க்கவே கூடாது, 456 கோடி ஆண்டுக் காந்தப் பதிவு அதில் அழிந்துபோகும். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துடையது. வருவாய்த் துறை மூலமாகவே தகவல் சொல்லலாம்.

2022 ஆகஸ்ட் 17-ல் குஜராத்தின் தியோதர் பகுதியில் விழுந்த கல் ஆய்வாளர்கள் கைக்குச் சீக்கிரம் போனது. அது ‘ஆப்ரைட்’ என்ற அரிய வகை என்று தெரிந்தது. இந்தியாவில் அதற்கு முன் அந்த வகை விழுந்தது 1852-ல்.

‘இரிடியம் டெஸ்டிங்’ என்று முன்பணம் கேட்டு, அதை ஆன்லைனில் அனுப்பியும் விட்டீர்களா? தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.