கம்பத்துக் கோழியிடம் இருக்கும் சொத்து

ஐந்தாம் படிவ உயிரியலில் உயிரினங்களின் வேறுபாடு பற்றிய பாடத்தை, எஸ்பிஎம் தேர்வுக்காக மனனம் செய்வதோடு மாணவர்கள் பலர் நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. நம் வீட்டில் வாரந்தோறும் சமைக்கும் கோழிக்கும் அந்தப் பாடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மாரெக் நோயை எடுத்துக்கொள்வோம். ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907-இல் இதை விவரித்தார். கோழியின் கால் முடங்கும். உள்ளுறுப்புகளில் கட்டி வளரும். ஆனால் ஒரே கொட்டகையில் ஒரே கிருமி தொற்றினாலும் எல்லாக் கோழியும் சாவதில்லை. கிருமியை உடலின் காவல் அணுக்களுக்கு அடையாளம் காட்டும் மரபணுத் தொகுதி கோழிகளில் பலவகை. அதில் பி21 வகையைப் பெற்றவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. பி19 வகையைப் பெற்றவை எளிதில் மடிகின்றன.

தடுப்பூசிதான் இருக்கிறதே என்பீர்கள். அது கோழியைக் காக்கிறது. கிருமி பரவுவதை முழுதாகத் தடுப்பதில்லை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகக் கடுமையான மாரெக் கிருமி ஊசி போட்ட கோழிகளிடமிருந்து மற்றவற்றுக்குப் பரவியது. ஊசி போடாதவை அதிகம் பரப்புவதற்கு முன்பே செத்துவிட்டன. (ஊசியே வேண்டாம் என்று யாரும் இதைத் திரிக்க வேண்டாம், செத்தவை ஊசி போடாதவைதாம்.) ஊசியோடு, பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் உள்ள கோழியும் வேண்டும் என்பதே என் வாதம்.

இறைச்சிக் கோழிகளின் மூல இனங்கள் உலகில் ஒரு சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. சீக்கிரம் எடை கூடுவதையே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கும்போது வேறு பல மரபணு வகைகள் கழிந்துபோகின்றன. நம்மிடம் கம்பத்துக் கோழி இருக்கிறது. அதற்கு நோயே வராது என்பது கதை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் அதுவும் சாகும். ஆனால் அதனிடம் பண்ணைக்கோழி இழந்த வகைகள் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்கோழிகளின் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் நம் காட்டோரங்களிலும் சிங்கப்பூரின் புலாவ் உபினிலும் திரிகிறது. அது வீட்டுக்கோழியோடு கலந்து தன் சொந்த மரபணுவை இழந்துவருவதை, பழைய அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்ட 2023-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

காட்டுக்கோழி வாழும் இடத்தருகே வீட்டுக்கோழியை அவிழ்த்துவிடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். கம்பத்துக் கோழியைக் கலப்பில்லாமல் வளர்ப்பவர்களுக்கு அரசு மானியம் தரலாம். அறிவியல் விழாவுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள், பாட்டி வீட்டில் நோய் வந்த ஆண்டில் எந்தக் கோழியின் குஞ்சுகள் பிழைத்தன என்று கேட்டு எழுதத் தொடங்கலாம்.