காட்டிடை ஓரிரவு

என் மாணாக்கன் ஒருவன் மார்கழி விடுமுறைக்கு வன்னியிலுள்ள தன் மாமன் வீட்டிற்குச் செல்லவிருக்கின்றான். காட்டினுள் போய்வருவதற்கு என்னென்ன கொண்டுபோக வேண்டுமென்று சென்ற கிழமை என்னை வினவினான். எவ்வளவு நேரம் காட்டில் நிற்பாய் என்று கேட்டேன். "ஒரு மணி, இரண்டு மணி நேரந்தான் சேர்" என்றான். அவ்விடை எனக்கு அச்சத்தையே தந்தது. இரவு தங்கவென்று புறப்படுபவன் போர்வையும் அரிசியும் சட்டியும் சுமந்து செல்கின்றான். இரண்டு மணி நேரத்திற்கென்று புறப்படுபவனோ கையை வீசிக்கொண்டு போகின்றான். காடு பிடித்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாமவனைத்தான்.

1968ஆம் ஆண்டு மார்கழியில் நடந்த ஒரு செய்தியை அவனுக்குச் சொன்னேன். என் தந்தையாருக்கு அப்போது வயது 14. நெடுங்கேணிப் பகுதியிற் கமஞ்செய்து வந்த தம் அம்மானோடு ஒருநாட் பிற்பகல் பன்றி வேட்டைக்குப் போனார். அம்மான் காட்டை நன்கறிந்தவர். மடித்த சாக்கொன்று தோளிலும், கத்தி இடுப்பிலும், மெழுகிட்டு அடைத்த சிறு போத்தலிலே தீக்குச்சியும், ஒரு முடிச்சில் அவலும் சர்க்கரையுமாகவன்றி அரைநாட் பயணத்திற்கும் அவர் புறப்படுவதில்லை. காட்டினுள் நுழையுமிடத்தில் ஐயனாருக்கென்று குழையொன்று முறித்து வைப்பார். பக்திக்குப் பக்தியுமாயிற்று, புகுந்த இடத்திற்கு அடையாளமுமாயிற்று. மனைவியாரிடம், "தெற்கே, குளத்துப் பக்கம் போறம்" என்று சொல்லியிருந்தார்.

வெடிபட்ட பன்றி மேற்கே ஓடிற்று. காயப்பட்ட விலங்கை அப்படியே விட்டுவருதல் அவர்க்கு ஒவ்வாது. குருதித் தடத்தைத் தொடர்ந்து இருவரும் போயினர். மழை பிடித்துக்கொண்டது, தடமும் கழுவுண்டது. மார்கழியில் இங்கே கதிரவன் 6 மணிக்குச் சற்று முன்னரே மறைகின்றான். நிலநடுக்கோட்டை அண்டிய நம் நாட்டில் அந்தி நீண்டு நிற்பதுமில்லை. அரை மணி நேரத்துள் எல்லாம் இருண்டுவிடும். மரஞ்செறிந்த காட்டில் இருள் அதனினும் விரைவாகவே வந்துவிடும்.

தெரு மிக அண்மையில் இருப்பதாகவே தந்தையாருக்குத் தோன்றியதாம். "இன்னுங் கொஞ்சத் தூரம் நடப்பம் அம்மான்" என்றிருக்கிறார். "வெளிச்சம் இருக்கேக்கையே நிண்டிட வேணும் தம்பி. இனி நடந்தால் நடக்க நடக்கப் பிழைதான்" என்று சொல்லி, அம்மான் அங்கேயே துவக்கை இறக்கி வைத்துவிட்டார்.

எஞ்சிய வெளிச்சத்தில் அவர் செய்தவற்றைத் தந்தையார் எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கின்றார். இரவில் யானை நீருக்கு வரும். ஆதலால் நீரோரத்தையும் விலங்குகளின் நடைபாதையையும் விலக்கி, சற்றே மேடான ஓரிடத்தைத் தேர்ந்தார். கரடியும் பாம்பும் புற்றை நாடுவன; புற்றில்லாத இடமாகவும் பார்த்தார். நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கிளையை வெட்டிப் பிளந்தார். மேற்புறம் எவ்வளவு நனைந்திருப்பினும் உள்வயிரம் உலர்ந்திருக்கும். அதைச் சீவித்தான் தீ மூட்டினார். பின்பு கிளைகளையும் இலைகளையும் முழங்கால் உயரத்திற்குக் குவித்து, அதன்மேல் மருமகனை இருத்திச் சாக்கைக் கொங்காணியாக்கிப் போர்த்துவிட்டார்.

வன்னியிலே குளிருக்கு அஞ்சுவதா என்று என் மாணாக்கன் நகைத்தான். உடலின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் உடல் நடுங்கி, நாக்குழறி, அறிவும் தடுமாறும். நீரோ காற்றைவிட 20 மடங்கிற்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. நனைந்த ஆடையோடு, ஈரத்தரையிற் படுத்து, வாடைக்காற்றில் ஓரிரவு கிடப்பவனுக்குப் பனிபெய்யும் நாடு வேண்டியதில்லை.

இவ்வளவும் செம்மையாக அமைந்தன. ஆனால் ஊரில் நிகழ்ந்தது வேறு. விளக்கேற்றியும் ஆட்கள் திரும்பாமையால் மாமியார் அயலவரைக் கூவி அழைத்தார். ஐந்து பேர் பந்தங்கொளுத்திக்கொண்டு தெற்கே போனார்கள். போனவர்கள் தெற்கே நின்று கூப்பிட, தேடப்பட்டவர்கள் மேற்கே தீயருகில் அவல் தின்றுகொண்டிருந்தார்கள். நள்ளிரவில், தொலைவிலே ஒரு வெடிச்சத்தம் இவர்கள் காதில் விழுந்தது. "ஆரோ வேட்டைக்காரன்" என்றாராம் அம்மான்.

அது கட்டுத்துவக்கு. விலங்கின் உயரத்திற்குத் துவக்கைக் கட்டி, பாதையின் குறுக்கே கம்பியிழுத்து வைப்பார்கள். கம்பியிற் படுவது பன்றியின் காலா, மனிதனின் காலா என்று அது பார்ப்பதில்லை. தேடப்போனவர்களில் ஒருவருக்கு முழங்காலிற் குண்டு பாய்ந்திருந்தது. காலையில், கீறலொன்றுமில்லாமல் இவ்விருவரும் ஊருக்கு வந்தபோது, அவரை வண்டியிலேற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றை மாணாக்கனுக்கு எழுதிக் கொடுக்க அதிக நேரம் ஆகவில்லை. 1660 முதல் கண்டி அரசிற் சிறையிருந்து, 1679இல் அருவியாற்றைப் பற்றிக்கொண்டு காடு கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்த உறொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர், தாளிப்பனையோலையைத் தம் நூலில் வியந்து போற்றுகின்றார். மடித்தால் விசிறிபோல் ஒடுங்கும்; விரித்தால் மழைக்குக் கூடாரமாகும். இக்காலத்தில் அதன் இடத்தைப் பொலித்தீன் விரிப்பொன்று நிரப்பும். நனையாத தீப்பெட்டி, கத்தி, நீர், கைவிளக்கு, சிறிது உணவு ஆகியன மற்றையவை. கைத்தொலைபேசியும் இருக்கட்டும், ஆயின் அலை எட்டாத காட்டில் அதை நம்பியிருத்தலாகாது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக நான் எழுதியது, அவ்வூரார் அந்த இரவின் பின்னர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு. போகின்றவன் எத்திசை என்று சொல்லிப்போக வேண்டும். திசை மாற வேண்டிவந்தால் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். இயலாதெனின் திரும்பிவிட வேண்டும். எவன் வராதுபோயினும் விடியுமுன் ஒருவரும் தேடிச் செல்லலாகாது. கடைசி விதி கொடிதென்று மாணாக்கனுக்குத் தோன்றிற்று. மாமியாருக்கும் அப்படித்தான் தோன்றியதாம்; அவ்விதிக்கு முதலில் உடன்பட்டவர், காலிற் குண்டு பாய்ந்தவர்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைப் பெரிதும் தடுத்துவிட்டன. அது நன்றே. ஆயினும் தேனுக்கும், வழிதவறிய மாட்டுக்குமாகக் காடேறுவோர் இன்றும் உளர். களவாக வைக்கப்படும் கட்டுத்துவக்குகளும் ஒழிந்துபோகவில்லை.

தந்தையாரின் அம்மான் அதன்பின் துவக்கைத் தொடவில்லை. அவரை நான் அப்பு என்றழைப்பேன். என் சிறுபருவத்தில், சூடடித்து முடிந்த நாட்களில், ஒருவர் தடியூன்றி அவர் முற்றத்திற்கு வருவார். அப்பு மற்றெவர்க்கும் வேலையாளைக் கொண்டே நெல்லளப்பிப்பார். இவருக்கு மட்டும் தாமே குந்தியிருந்து அளப்பார். அளந்து முடித்தபின் இரு கையாலும் இன்னும் ஒருமுறை அள்ளிப் போடுவார். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ள நான் கேட்டதில்லை.