சூரக்கோட்டைக்காரரும் திருவையாறும்

நாகஸ்வரம் வாசிக்கத் தெரியாத ஒருவர், அசல் வித்வான்களே அசந்துபோகும்படி வாசிப்பதுபோல் நடிக்க முடியுமா? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்த்தவர்களிடம் கேளுங்கள். படத்தில் ஒலிப்பது மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. ஆனால் கன்னம் உப்புவதும், மூச்சு வாங்குவதும், தவில்காரரை ஓரக்கண்ணால் பார்ப்பதும் சிவாஜி கணேசன். கதைப்படி அவர் சிக்கல் சண்முகசுந்தரம், மோகனாவோ திருவாரூர்க்காரி. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காவிரிக் கரை ஜனங்களை இதில் ஏமாற்றுவது சுலபமில்லை!

தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டைதான் சிவாஜியின் பூர்வீகம். பிறந்தது விழுப்புரத்தில், 1928 அக்டோபர் 1-ல். அதனால்தான் வி.சி.கணேசன். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனார். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்து, பெரியார் சூட்டிய பெயர்தான் 'சிவாஜி'. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் அவரைத்தான் கதாநாயகனாகப் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள். அந்த நன்றிக்காக, பொங்கல்தோறும் வேலூரில் உள்ள பெருமாள் வீட்டுக்குச் சீர்வரிசையோடு போய் வருவதை சிவாஜி விடவில்லை.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவராகவே 'ராஜராஜ சோழன்' (1973) படத்தில் வந்தார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது.

இவ்வளவு கொண்டாடிய மண், ஓட்டு மட்டும் போடவில்லை. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் காங்கிரஸை விட்டு விலகி, 'தமிழக முன்னேற்ற முன்னணி' தொடங்கி, ஜானகி அணியோடு சேர்ந்து 1989 தேர்தலில் நின்றார் சிவாஜி. தொகுதி திருவையாறு, சொந்த ஊருக்குப் பக்கம்தான். தி.மு.க.வின் துரை.சந்திரசேகரனிடம் 10 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். அவருடைய படத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்களிலும், அன்று விரல் வேறு சின்னத்தைத் தேடியிருக்கும். ரசிப்பு வேறு, ஓட்டு வேறு என்று அந்த ஜனங்கள் தெளிவாகவே இருந்தார்கள். அவருக்குத்தான் அது வலித்திருக்கும்.

கட்சியை ஜனதா தளத்தோடு இணைத்தார். அரசியல் அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை, நடிப்பு நீடித்தது. 1992-ல் 'தேவர் மகன்' படத்தில் ஊர்ப் பெரியவராக வந்து அமர்ந்தார். தேசிய விருதுக் குழு சிறப்பு விருது அறிவித்தது. அதை அவர் ஏற்கவில்லை. தியேட்டரில் ஜனம் எழுந்து நின்று கை தட்டியது, திருவையாற்று ஜனமும்தான்.