களிம்பைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஸ்பின்னிங் மில்லின் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளிக்குத் தொடையிடுக்கில் படை வருகிறது. டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும். ஆகவே பலர் நேரே மருந்துக் கடைக்குப் போகிறார்கள். எங்கு போனாலும் பல சமயம் கைக்கு வருவது ஒரேமாதிரிக் கலவைக் களிம்புதான்.

படைக்குக் காரணம் பூஞ்சை. சாதாரணப் படைக்குக் கிளோட்ரிமசோல் போன்ற ஒரே மருந்து போதும். ஆனால் கலவைக் களிம்பிலோ பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்பை அடக்க ஸ்டீராய்டு ஒன்று! என்ன நோய் என்று சோதித்துப் பார்க்கும் வேலை மிச்சம். கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அது சௌகரியம்தான். ஸ்டீராய்டு இரண்டொரு நாளில் அரிப்பை அமுக்குகிறது; ‘கைராசிக்காரர்’ என்ற பெயரும் கிடைக்கிறது. உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் அதிகமாய்க் கிளம்புகிறது. தோல் மெலிந்து வரிவரியாகிறது. துண்டு, துணி வழியே வீட்டார் அனைவருக்கும் தொற்றுகிறது.

தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்த பிறகே, 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. கலவை மருந்துகளுக்கு 2016 மார்ச்சிலேயே தடை வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் அதை உடைத்தன. 2018 செப்டம்பரில்தான் 328 கலவைகளுக்கு மீண்டும் தடை வந்தது. தோல் களிம்பும் அதில் உண்டு. தப்பித்த கலவைகள் இன்றும் விற்பனையாகின்றன.

டாக்டர்கள் கம்பெனிப் பரிசு வாங்கலாகாது என்ற விதி 2009 முதல் இருக்கிறது. ஆனால் டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி ஒரு கம்பெனி வருமான வரியில் கழிவு கேட்டது! 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தச் செலவு மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில் விழுவதையும் சுட்டிக்காட்டியது. பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் காத்துக்கிடக்கும் விற்பனைப் பிரதிநிதி மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் மாத இலக்குக்கு அஞ்சும் கூலிக்காரரே.

கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையே எழுதவேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில் வந்தது. மூன்றே வாரத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. 2024-ல் வந்த விற்பனை ஒழுங்கு நெறியோ, புகாரை விசாரிக்கும் பொறுப்பைக் கம்பெனிகளின் சங்கங்களிடமே விட்டது. பாலுக்குப் பூனை காவல்!

வேறு வழி இல்லாமலில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல், மருந்துகளை மருந்தின் பெயரிலேயே டெண்டர் கோரி வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. அங்கே எந்தக் கம்பெனி ட்யூப் என்ற பேச்சுக்கு அதிக இடமில்லை. இந்த முறை ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் முழுமையாக நடக்கவேண்டும். ஒழுங்கு நெறி, தண்டனை உள்ள சட்டமாகவேண்டும் என்று கோருகிறோம்.

அதுவரை, களிம்பு வாங்கும் ஒவ்வொருவரும் “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?” என்று கேளுங்கள். அரிப்பு நின்றவுடன் மருந்தை நிறுத்தாதீர்கள்; டாக்டர் சொன்ன நாள்வரை பூசுங்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் படை இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.