அடிமை வில்லன், அரசன் பேரன் நாயகன்

ரோம் என்றாலே வெள்ளை முகங்கள்தான் என்று ஹாலிவுட் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. 1959-ல் வந்த ‘பென்ஹர்’ படத்தில் அரபு ஷேக்காக நடித்தவர் வேல்ஸ் நாட்டு நடிகர் ஹ்யூ கிரிஃபித். முகத்தில் கருஞ்சாயம் பூசி நடித்த அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. 2024-ல் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘கிளாடியேட்டர் 2’ படத்தில் நிலைமை மாறியிருக்கிறது. அரண்மனையையே ஆட்டிவைக்கும் மாக்ரினஸ் வேடத்தில் கறுப்பின நடிகர் டென்ஸல் வாஷிங்டன் நடித்திருக்கிறார். இதை நாம் வரவேற்கிறோம்.

ரோமின் அரண்மனையில் ஆப்பிரிக்கருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. கி.பி. 193-ல் பேரரசரான செப்டிமியஸ் செவெரஸ், இன்றைய லிபியாவில் உள்ள லெப்டிஸ் மேக்னாவில் பிறந்தவர். 217-ல் அரியணை ஏறிய நிஜ மாக்ரினஸ், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த மூர் இனத்தவர். செனட் பிரபுக்களின் வகுப்பைச் சேராமல் பேரரசரான முதல் மனிதர் அவர்தான். அந்தக் காலத்து வரலாற்றை எழுதிய செனட்டர் காசியஸ் டியோ, மாக்ரினஸின் எளிய பிறப்பையும் அவர் காது குத்தியிருந்ததையும் சொல்லாமல் விடவில்லை. அரியணையில் ஏறினாலும் பிறப்பைக் கிளறும் வாய்கள் ஓய்வதில்லை.

ஆனால், திரையில் முகம் வந்துவிட்டால் போதுமா? கதையில் நியாயம் யார் பக்கம் நிற்கிறது?

படத்தின் மாக்ரினஸ், பேரரசர் மார்கஸ் ஆரேலியஸிடம் அடிமையாக இருந்தவன். நிஜ மாக்ரினஸுக்கு இல்லாத இந்த அடிமை வாழ்வைப் படம் சேர்த்திருக்கிறது. உடலில் சூடுபட்ட தழும்போடு அலைபவன், தன்னை அடிமையாக்கிய ரோமைத் தன் காலடியில் கொண்டுவரத் துடிக்கிறான். படம் அதைச் சூழ்ச்சி என்கிறது. நாயகன் லூசியஸும் அடிமையாக விற்கப்பட்டு அரங்கில் சண்டையிட்டவன்தான். ஆனால் அவன் மார்கஸ் ஆரேலியஸின் பேரன். அதனால் அவன் கோபம் நீதியாகிறது. இருவருமே அடிமைச் சந்தையைக் கண்டவர்கள். ஒருவனைக் கொன்று மற்றவனிடம் ரோமை ஒப்படைக்கக் கதைக்குக் கிடைத்த காரணம் ரத்த உறவு. பிறப்பால் உரிமை என்ற பழைய பாடத்தைப் புதிய முகங்களை வைத்து நடத்தினாலும் அது பழைய பாடம்தான்.

இந்த இடத்தில் வரலாறு படத்தை முந்தி நிற்கிறது. 193-ல் சுமார் மூன்று மாதம் பேரரசராக இருந்த பெர்டினாக்ஸ், விடுதலை பெற்ற ஓர் அடிமையின் மகன். இதைச் சொல்வதால் ரோம் நல்ல நாடாகிவிடாது. ஸ்பார்டகஸின் கலகம் தோற்றபோது ஆறாயிரம் பேரைச் சாலையோரம் சிலுவையில் அறைந்த அரசு அது. அண்ணல் அம்பேத்கர் ரோமானிய அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ரோமில் அடிமைக்குக்கூடக் கல்வியும் தொழிலும் எட்டின, தீண்டாமை அந்தக் கதவையும் அடைத்தது என்பது அவர் வாதம். அடிமையின் மகன் அரசனானான் என்ற செய்தி நமக்கு ஏன் முக்கியம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1960-ல் வந்த ‘ஸ்பார்டகஸ்’ படத்தில் வுடி ஸ்ட்ரோட் நடித்த டிராபா என்ற கறுப்பின வீரன் சிறிது நேரமே வருகிறான். ஸ்பார்டகஸை வீழ்த்திய பிறகும் கொல்ல மறுக்கிறான். வேடிக்கை பார்க்கும் சீமான்களை நோக்கித் தன் சூலத்தை வீசிச் செத்துப்போகிறான். பிறகு வெடிக்கும் கலகத்துக்கு அவன் சாவே விதை. திரையில் வந்த நிமிடங்கள் குறைவு. ஆனாலும் நியாயம் அவன் பக்கம் இருந்தது.

மாணவர்களே, அடுத்த முறை சரித்திரப் படம் பார்க்கும்போது நம்மவர் போன்ற முகங்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். யாருடைய கோபத்தைப் படம் நீதி என்கிறது, யாருடைய கோபத்தைக் குற்றம் என்கிறது என்று பாருங்கள். நமக்கு வேண்டியது வேடம் மட்டுமல்ல, கதையில் பங்கு.