ஒருசந்தியும் ஒரு கடுஞ்சொல்லும்



தவக்காலம் பிறந்துவிட்டது. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று நாம் கையில் ஏந்திய ஓலைகளே எரிந்து சாம்பலாகி நம் நெற்றிக்கு வந்துள்ளன. அச்சாம்பல் அன்று மாலைக்குள் வியர்வையோடு கரைந்து போகும். அது உணர்த்தும் உண்மை நம் உள்ளத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்பதே கேள்வி.

பிறரைக் கேட்குமுன் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சாம்பல் புதன். உடைகளை அன்று, உள்ளத்தைக் கிழித்துக்கொண்டு ஆண்டவரிடம் திரும்புமாறு யோவேல் இறைவாக்கினர் விடுத்த அழைப்பை விளக்கி, காலைத் திருப்பலியில் நீண்ட மறையுரை ஆற்றினேன். மக்கள் வரிசையில் வந்துகொண்டிருந்தபோதே சாம்பல் தீரத் தொடங்கியது. கிண்ணத்தின் அடியைத் துடைத்துத் துடைத்து ஒருவாறு பூசி முடித்தேன். பூசைக்குப் பின், உடை மாற்றும் அறையில், என்னிலும் வயதில் மூத்த உபதேசியாரைப் பீடச் சிறுவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். "தப்புத்தான் சாமி, மன்னிக்கணும்" என்று மட்டும் கூறிவிட்டு அவர் தலைகுனிந்து வெளியேறினார்.

நண்பகலில் ஒருசந்தி உணவுக்கு அமர்ந்தேன். இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. சட்டம் முழுமையாகக் காக்கப்பட்டிருந்தது. ஆயினும் சோறு தொண்டையில் இறங்கவில்லை. காலையில் நான் கிழிக்கச் சொன்னது மக்களின் இதயத்தை; கிழித்ததோ ஒரு முதியவரின் இதயத்தை! மறுநாள் காலை, அதே அறையில், அதே சிறுவர்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்பு வேண்டினேன். அவர் பதறிப்போய் என் கைகளைப் பற்றிக்கொண்டார். அந்த ஆண்டின் தவக்காலம் எனக்கு அன்றுதான் தொடங்கியது.

அப்படியானால் நோன்பு வீண் என்பதா? அன்று. 14 வயது நிறைந்தோர் சுத்தபோசனம் காக்கவும், 18 வயது நிறைந்தோர் 60-ஆம் வயது தொடங்கும்வரை சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருக்கவும் திருச்சபை பணிக்கிறது. ஆனால் திருத்தந்தை புனித ஆறாம் சின்னப்பர் 1966-ஆம் ஆண்டு தவ முயற்சிகளைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், அகத்தின் மனமாற்றத்தையும் புறத்தின் ஒறுத்தலையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கலாகாது என்று தெளிவுறக் கற்பித்தார். வயிறு காய்ந்தும் நெஞ்சு இளகாவிடில், அது வெறும் பட்டினியே.

சக்கேயுவை எண்ணிப் பாருங்கள். ஆண்டவர் தம் இல்லம் வந்தபோது அவன் விருந்தோடு நின்றுவிடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கு அளிக்கவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்தான். அவன் உள்ளம் மாறியதைப் பணப்பையே காட்டிக் கொடுத்தது!

நம் இல்லங்களிலும் இச்சோதனை நிகழட்டும். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையில் முழந்தாளிடும் மாமியாரின் சொல், வீடு திரும்பியதும் மருமகளுக்கு முள்முடி ஆகிறதா? குடியை நாற்பது நாள் நிறுத்தும் கணவர், உயிர்ப்பு ஞாயிறு எப்போது வரும் என்று நாள் எண்ணுகிறாரா? வரப்புத் தகராறில் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் இருவர், ஒரே கோவிலில் ஆளுக்கொரு பக்கம் நின்று நற்கருணை வாங்குகின்றனரா? காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு உறவாட வேண்டும் என்ற ஆண்டவரின் கட்டளை யாருக்காக?

எனவே இத்தவக்காலத்தில் ஒன்று செய்யுங்கள். உங்களால் மனம் புண்பட்ட ஒருவரை நினைவுகூருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடுமுன் அவர் வீட்டு வாயிற்படியை மிதியுங்கள். அவர் கதவைத் திறவாமலும் போகலாம். நீங்கள் நடந்த நடையை இறைவன் அறிவார்.

உயிர்த்த ஆண்டவரை ஒன்றுபட்ட குடும்பமாய் எதிர்கொள்ளும் பேற்றை அவரே நமக்கு அருள்வாராக!